டிரம்ஸ் மைக்கில் ஒரு கிட்டார்

கீழே தையல் கூடத்து இயந்திரங்கள் மதியச் சாப்பாட்டுக்கு நின்றால்தான் எனக்குக் காது கிடைக்கும். அவை ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் மாடியறையின் தரை லேசாக அதிரும். ஹெட்போனை எவ்வளவு அழுத்தி மாட்டினாலும் அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகுக்கு வந்துவிடும். அதனால் காலையில் ஒயர்களைச் சுற்றுவது, பதிவுகளுக்குப் பெயர் போடுவது போன்ற வேலைகளை முடித்து வைப்பேன். கீழே மணி அடித்து, டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கும் சத்தம் வந்த பிறகுதான் உட்கார்ந்து கேட்பேன்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அது கேட்டது.

எங்கள் ராக் குழுவில் மேடை ஏறுபவர்கள் மூன்று பேர். அண்ணி பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள். டிரம்ஸ் அடிப்பவரை ஊரே இடி என்று கூப்பிடும், நான் இடியண்ணன் என்பேன். இப்போதெல்லாம் கச்சேரியில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர் போல ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். தாளம் பிசகாமல் இருக்க உள்ளே டிக் டிக் என்று ஓடுமாம். லீட் கிட்டார் என் அண்ணன். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் இடத்துக்கு வந்தவனுக்கு இடியண்ணன் 'புதுசு' என்று பெயர் வைத்தார். மாதங்கள் ஓடி, அவன் சட்டைக் காலர் நைந்து, கிட்டார் பெட்டியின் கைப்பிடி பிய்ந்து போன பிறகும் அவன் புதுசாகவே இருந்தான்.

நான் மேடையில் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் நின்றபோது, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்று அண்ணன்தான் என்னைப் பதிவு செய்யும் மேசையில் உட்கார வைத்தான். கூட்டத்துக்குப் பின்னால் இருட்டில் ஒரு மேசை, ஒரு கணினி. எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள், என் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்.

மேடைப் பதிவுகளை வைத்து ஒரு ஆல்பம் போடலாம் என்று ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. புதுசு வந்த பிறகு நடந்த கச்சேரிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். "செத்தவரை வச்சு வியாபாரம் பண்றாங்கன்னு பேச்சு வரக்கூடாதும்மா" என்றார் அந்த நிறுவனத்துக்காரர். அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினாள். மூலையில் நின்றிருந்த அண்ணனின் கிட்டார் அந்த அதிர்ச்சியில் தானாக முனகியது. எப்போது கதவைச் சாத்தினாலும் அது முனகும். கம்பிகளைத் தளர்த்தி வைத்தால் முனகாது. தளர்த்த அண்ணி விடமாட்டாள்.

மேடையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தனித் தடம் பதிவாகும். பாட்டுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குக்கு ஒன்று. வேண்டாத தடத்தை மூடிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்கலாம். ஆனாலும் ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்குக்குள் கசியாமல் இருக்காது. கிட்டார் தடத்தை மூடினாலும், பக்கத்து வீட்டு டிவி போல அது டிரம்ஸ் மைக்கில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அன்று எடுத்தது 'ஈரத்துணி' என்ற பாட்டு. அதன் நடுவில் டிரம்ஸ் நின்றுவிடும். அண்ணி வார்த்தை இல்லாமல் ஒரு வரியை முனகுவாள், கிட்டார் பதில் சொல்லும். மறுபடி முனகுவாள், மறுபடி பதில். அண்ணன் ஒருநாளும் உடனே பதில் சொன்னதில்லை. கோபித்துக்கொண்டவன் மாதிரி நிற்பான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இனி வராது என்று நினைக்கும்போது ஒரே ஒரு சுரத்தை எடுத்து, அதை இழுத்து, கொஞ்சம் வளைத்து விடுவான். புதுசு நேர் எதிர். அண்ணி முடிப்பதற்குள் ஓடி வந்து ஒப்பித்துவிடுவான், வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி. அவன் ஒப்பித்த பிறகு அண்ணி அடுத்த வரியை எடுக்காமல் வெகுநேரம் சும்மா நிற்பாள். பாட்டு மறந்துவிட்டது போல என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

எல்லாத் தடங்களையும் மூடிவிட்டு, டிரம்ஸ் மைக்கை மட்டும் திறந்தேன். எங்கோ ஒருவர் இருமினார். புதுசின் பதில் தூரத்தில் ஓடி முடிந்தது. அதன் பிறகு அந்தச் சும்மா நிற்கும் நேரம் வந்தது.

அதற்குள் இன்னொரு கிட்டார் இருந்தது.

மெலிதாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பது போல. ஒரே ஒரு சுரம். இழுத்தது, வளைந்தது. என் கையில் ரோமம் சிலிர்த்து நின்றதை நானே பார்த்தேன்.

முதலில் என் தப்பு என்றுதான் நினைத்தேன். பழைய கச்சேரித் தடத்தைப் புதியதோடு கலந்துவிட்டிருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன், கலக்கவில்லை. அடுத்த கச்சேரியைத் திறந்தேன். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"ஊமைக்கோட்டான்! சாப்பிட வர்றியா, இல்ல ஹெட்போனையே கடிச்சுக்கப் போறியா?"

அண்ணி டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். நான் ஹெட்போனைக் கழற்றிய வேகம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

"என்னடி மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? யாரு திட்டினா?"

"யாரும் இல்ல அண்ணி."

"குடு இப்படி."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். அண்ணி கேட்டு நான் எதைக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்? நின்றுகொண்டே கேட்டாள். பிறகு ஒயர் போட்டு வைக்கும் பெட்டிமேல் உட்கார்ந்தாள். முடிந்ததும் ஒரு விரலால் சுற்றிக் காட்டினாள், மறுபடி போடு என்று. மறுபடி போட்டேன். கீழே இயந்திரங்கள் ஓடத் தொடங்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

"எனக்குத் தெரியும்டி. மேடையில ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்றவரைக்கும் நான் நிக்கறேன். பாட்டு மறந்துட்டேன்னு நீங்கல்லாம் சிரிச்சீங்க" என்றாள்.

அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் எப்போதும் மேடையின் இடது பக்கம் நிற்பான். புதுசு வந்த முதல் நாள், யாரும் ஒன்றும் சொல்லாமலே அவன் வலது பக்கம் போய் நின்றுகொண்டான். இடது பக்கம் காலியாகவே இருந்தது. விளக்குப் போடுபவர் கைப்பழக்கத்தில் இப்போதும் அங்கே ஒரு வெளிச்சத்தை விட்டு வைப்பார். அண்ணி அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடிதான் பாடுவாள்.

அதன் பிறகு மதிய மணி அடித்தால் போதும், படியில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்கும். வேறு தடம் எதையும் கேட்கமாட்டாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது முனகுவாள். முனகிவிட்டுக் குழாயை மூடி, தலையைச் சாய்த்து நிற்பாள். நான் அடுத்த அறையில் மூச்சுவிடாமல் நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் மறுபடி ஓடும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "புதுசு வேண்டாம். அடுத்த கச்சேரியோட நிறுத்திக்கச் சொல்லிடலாம்."

"அப்ப கிட்டார் அண்ணி?"

"இருக்கே. ஆல்பத்துல அவன் தடத்தை மூடிடு. இதைத் தூக்கி வை. மேடையில நானும் இடியும் போதும்." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "அவர் நின்னுட்டிருக்கற இடத்துல நான் எப்படிடி இன்னொருத்தனை வச்சுக்கிட்டிருக்கறது?"

அந்தச் சத்தத்தை மேலே தூக்க முடியாது, தூக்கினால் இரைச்சல்தான் வரும். அதைச் சொல்லலாம். ஆனால் காலி மேடையைப் பார்த்துப் பாடிக்கொண்டு, வராத பதிலுக்காகக் கூட்டத்தின் முன்னால் நிற்கப் போகிற அண்ணியிடம் என்ன சொல்வது? அப்படி ஒருநாள் அவள் நிற்கத் தொடங்கினால், திரும்பிப் பாடாமலே நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை புதுசு தன் சாமான்களை எடுக்க மாடியறைக்கு வந்தான். யார் சொன்னார்களோ, அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பையில் ஒயரைத் திணித்தான், திரும்ப எடுத்து ஒழுங்காகச் சுற்றினான்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? உண்மையைச் சொல்லணும். நான் வாசிக்கறது அவ்வளவு மோசமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப ஏன் இடியண்ணன் எனக்கு அடிக்கவே மாட்டேங்கறாரு? நான் வேகமாப் போனா வரமாட்டார். நான் நின்னா நிக்கமாட்டார். பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, வேற யாருகூடவோ போன்ல பேசிட்டு வர்ற ஆள் மாதிரி இருக்கு."

"பதில் மட்டும் முந்திடறீங்க" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே அதிசயம்.

"முந்தாம என்ன பண்றது? அவங்க மூச்சு எங்க முடியுதுன்னு பாத்தாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்? எனக்கு அவங்க முதுகுதாங்க தெரியுது. விட்டுடுவோமோன்னு பயத்துல ஓடிடறேன்." சிரிக்கப் பார்த்தான். "முதுகைப் பாத்தே இத்தனை கச்சேரி வாசிச்சிட்டேன். அதுக்காவது ஒரு கைதட்டு குடுக்கலாம்."

அவன் போன பிறகு அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. வேற யாருகூடவோ.

அன்று மதியம், அண்ணி வருவதற்குள், எல்லாக் கச்சேரிகளிலிருந்தும் அந்த மெலிந்த கிட்டாரை வெட்டி எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன். எல்லாம் ஒன்றேதான். அதே சுரம், அதே வளைவு. நான்காவது பதிலில் விரல் நழுவி நகம் கிட்டாரின் தகட்டில் பட்ட 'டக்' கூட எல்லாவற்றிலும் அதே இடத்தில்.

அண்ணன் ஒரு பதிலை இரண்டு தடவை வாசித்ததில்லை. "நேத்து சொன்னதையே இன்னிக்கும் சொன்னா உன் அண்ணி கண்டுபிடிச்சிடுவா" என்பான். அவன் பேயாகவே வந்திருந்தாலும் இப்படி வாசிக்கமாட்டான்.

அவனுடைய கடைசிக் கச்சேரியின் கிட்டார் தடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நகம் பட்ட 'டக்' அதில்தான் இருந்தது. அந்தத் தடத்தை மட்டும் தனியாகப் பிரித்து நான் ஒருவருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். "பழகிப் பாக்கறதுக்கு வேணும் பாப்பா" என்று கேட்டு வாங்கிப் போனார்.

இடியண்ணன் பகலில் பள்ளி வேன் ஓட்டுபவர். நான் போனபோது வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வேனுக்குள் யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூ ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அடடே, ஊமைக்கோட்டான் தெருவுக்கு வந்திருக்கு! மழை வரப்போகுது, நான் எதுக்கு வண்டியக் கழுவறேன்?"

"ஹெட்போன்ல என்ன ஓடுதுண்ணா?"

"டிக் டிக். வேற என்ன?"

"நான் கேட்டேன். டிக் டிக் இல்ல."

குழாயைப் பிடித்த கை தாழ்ந்தது. தண்ணீர் அவர் செருப்புமேலேயே ஓடியது. அவர் கவனிக்கவில்லை.

"எங்க கேட்டே?"

"உங்க மைக்கில. ஈரத்துணில டிரம்ஸ் நிக்கும்போது ஹெட்போனை இறக்கிக் கழுத்துல மாட்டிக்கறீங்க. அது மேல கேட்டிருக்கு."

அவர் போய்க் குழாயை மூடினார். வேன் படியில் உட்கார்ந்தார்.

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிலேருந்து அவன் தோளைப் பாத்துத்தான் பாப்பா அடிச்சிருக்கேன். அவன் போனப்புறம் முதல் கச்சேரி. குச்சியைத் தூக்கிட்டேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ண வரல. கை எழும்பல. அப்புறம்தான் உன்கிட்ட வாங்கினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவனைக் காதுல போட்டுக்குவேன். கை தானா ஓடும்." முகத்தை ஈரக்கையால் துடைத்தார். "அந்தப் பையன் நல்லா வாசிக்கறான்னு சொல்றாங்க. நான் கேட்டதே இல்ல."

"அண்ணி அவனை அனுப்பப் போறாங்க. அண்ணன் வந்திருக்கான்னு நினைக்கறாங்க. தினமும் வந்து அதையே கேக்கறாங்கண்ணா."

அவர் செருப்பைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் இருந்தா, நான் எதுக்கு இத்தனை வருஷமா டிரம்ஸுக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருக்கேன்?"

ஆனாலும் மறுநாள் மதியம் வந்தார். அண்ணி ஒயர்ப் பெட்டிமேல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலோடு நின்றுவிட்டார், கையில் அந்தப் பெரிய ஹெட்போன். நான் வாயால் சொல்லவில்லை, எனக்குச் சொல்ல வராது. ஸ்பீக்கரில் முதலில் அந்த மெலிந்த கிட்டாரைப் போட்டேன். பிறகு கடைசிக் கச்சேரியின் தடத்தைப் போட்டேன். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகியது. 'டக்'கும் ஒன்றாக விழுந்தது.

இடியண்ணன் ஹெட்போனை மேசையில் வைத்தார். "நான்தான். காதுல போட்டுக்கிட்டு அடிச்சேன்."

அண்ணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அந்த ஹெட்போனை எடுத்தாள். பஞ்சுறை கிழிந்து, வியர்வையில் கறுத்துப் போயிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ மட்டும் வச்சிட்டிருந்திருக்க."

"இல்ல, நான்..."

"நான் காலி இடத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீ அவரைக் காதுக்குள்ளயே வச்சிட்டு உக்காந்திருக்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தா நீ கேளுன்னு எனக்குக் குடுக்கணும்னு தோணலையாடா உனக்கு?"

அவர் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. கீழே மணி அடித்தது. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது. அண்ணி ஹெட்போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த கச்சேரிக்கு அவள் அதைக் கொண்டுவரவில்லை. புதுசுக்கு வரச்சொல்லி அவளே போன் செய்திருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. இடியண்ணன் வெறுங்காதோடு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முடிவெட்டிக்கொண்டு வந்தவர் போல அவர் தலை சின்னதாகத் தெரிந்தது. முதல் பாட்டில் குச்சி நழுவியது. இரண்டாவதில் இரண்டு இடத்தில் தாளம் தடுக்கியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். மூன்றாவது பாட்டின் பாதியில் அவர் தலையைத் தூக்கி, வலது பக்கம் நின்றவனின் தோளைப் பார்க்கத் தொடங்கினார்.

'ஈரத்துணி' வந்தது. டிரம்ஸ் நின்றது. இடது பக்கத்தில் அந்த வெளிச்சம் வழக்கம்போலக் காலியாகக் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்து முதல் வரியை முனகினாள். புதுசு ஓடி வந்து பதில் சொன்னான். அவள் வெகுநேரம் நின்றாள். என் மேசையில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, கழுத்தை மட்டும் திருப்பாமல், உடம்பு முழுவதையும் பேஸ் கிட்டாரோடு சேர்த்து வலது பக்கம் திருப்பினாள்.

அடுத்த வரியை அவன் முகத்தைப் பார்த்துப் பாடினாள். அவன் உடனே வாசிக்கவில்லை. வாசிக்க முடியாமல்தான் நின்றானோ என்னவோ. வந்தபோது அது அண்ணனுடையது போல இல்லை. சின்னச் சின்னதாகப் படியிறங்குவது போல இருந்தது. நன்றாகவே இருந்தது.

மறுநாள் மதியம் மணி அடித்ததும், பழக்கத்தில் எல்லாத் தடங்களையும் மூடிவிட்டு டிரம்ஸ் மைக்கைத் திறந்தேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். அண்ணியும் வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். ஹெட்போனை அவளுக்குக் கொடுத்து, ஒரு பக்கத்தை என் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

குச்சியை மடியில் வைக்கும் சத்தம். நாற்காலி கிறீச்சிட்டது. புதுசின் பதில் தூரத்தில் படியிறங்கி முடிந்தது.

பிறகு யாரோ வாயை மூடிக்கொண்டு முனகினார்கள். கரகரத்த தொண்டை. இடியண்ணன். தான் முனகுவதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரே ஒரு சுரத்தை எடுத்து, இழுத்து, கொஞ்சம் வளைத்தார்.

அண்ணனின் எல்லாக் கச்சேரிகளும் எனக்கு மனப்பாடம். எந்தக் கச்சேரியிலும் இந்தப் பதில் இல்லை. இதை அவன் இன்னும் வாசித்திருக்கவில்லை.

அண்ணியின் விரல்கள் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. கடைசிவரை கேட்டாள்.

"சுருதியே இல்ல இவனுக்கு" என்றாள். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"எடுத்துடட்டுமா அண்ணி? அந்த இடத்துல மட்டும் மைக்கை மூடிட்டா கேக்காது."

அவள் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் காத்திருந்தேன். கீழே டிபன் பாக்ஸ்களை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"விடு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அதற்கு மேல் ஒன்றும் கேட்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணி ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு விரலால் சுற்றிக் காட்டினாள், மறுபடி போடு என்று.